டீசலில் கலக்கும் நீர்: உழவு இயந்திர உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

விவசாயிகளின் இடர்ப்பாடுகள் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் உரம், விதைநெல், நீர்ப்பாசனம், நெல்லின் கொள்வனவு விலை ஆகியனவே முன்னிற்கின்றன. வயலை உழும் இயந்திரத்தின் தாங்கிக்குள் ஊற்றப்படும் டீசல் தூய்மையானதா என்ற கேள்வி பெரிதாக எழுப்பப்படுவதில்லை. ஆயினும், அசுத்தமான எரிபொருளால் நின்றுபோகும் ஓர் உழவு இயந்திரம் அதன் உரிமையாளரை மாத்திரம் பாதிப்பதில்லை. அதனை வாடகைக்கு அமர்த்தக் காத்திருக்கும் அயல் விவசாயிகளின் வயல்களும் தரிசாகக் கிடக்கின்றன. வாய்க்காலில் நீர் விடப்படும் முறை தவறுகிறது. விதைப்பு பிந்துகிறது. ஒரு கிண்ணம் நீர் டீசலில் கலந்ததன் விளைவு ஒரு போகத்தின் விளைச்சலையே தொட்டுவிடக் கூடியது.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டைத் தாக்கிய வேளையில், வெள்ளத்தாலும் மண்சரிவாலும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்றாகும். மகாவலி கங்கை பெருக்கெடுத்தமையால் கம்பளை, கெலிஓயா, பேராதனை முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. அக்குறணை நகரமோ பிங்கா ஓயா பெருகும் போதெல்லாம் வெள்ளத்தைச் சந்தித்து வரும் நகரமாகும். உயிரிழப்புகளும் வீடுகளின் அழிவும் ஏற்படுத்திய துயரத்தின் முன்னே இயந்திரங்களின் சேதம் சிறிதாகவே தோன்றும். எனினும், வெள்ளம் வடிந்த பின்னர் பிழைப்பைத் தொடர வேண்டியவர்களுக்கு அந்த இயந்திரமே மூலதனம். அதனை எவ்வாறு காப்பது என்பதையும், எரிபொருளின் தரத்திற்கு யார் பொறுப்பு என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி என்றதும் தேயிலைத் தோட்டங்களே நினைவுக்கு வந்தாலும், உடுநுவர, யட்டிநுவர, பாத்தஹேவாஹெட்ட ஆகிய பகுதிகளின் பள்ளத்தாக்குகளில் படிப்படியாக அமைந்த நெல்வயல்கள் உள்ளன. அவ்வயல்களில் 'லேண்ட்மாஸ்டர்' என மக்கள் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரங்களே பயன்படுகின்றன. கிழக்கே மினிப்பே, ஹசலக்க சமவெளிகளில் நான்கு சில்லு உழவு இயந்திரங்கள் ஓடுகின்றன. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் கொழுந்தும் உரமும் விறகும், சில வேளைகளில் தொழிலாளர்களும்கூட இழுவைப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்களிலேயே செல்ல வேண்டியுள்ளது. மணல், செங்கல், கருங்கல் ஏற்றிப் பிழைப்போரும் பலர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி இம்மாவட்டத்தின் எளிய மக்கள் பலரின் வாழ்வு இவ்வியந்திரங்களுடன் பிணைந்துள்ளது.

டீசலே மசகாகும் இயந்திரம்

அசுத்தமான டீசல் ஏன் இத்துணைச் சேதத்தை விளைவிக்கிறது என்பதை அறிய, டீசல் எஞ்சின் இயங்கும் முறையைச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். பெற்றோல் எஞ்சினில் இருப்பது போன்று தீப்பொறி எழுப்பும் பிளக் இதில் இல்லை. உருளைக்குள் காற்று கடுமையாக அமுக்கப்படுவதால் ஏற்படும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. அவ்வாறு பற்றுவதற்கு டீசல் மிக நுண்ணிய துளிகளாகத் தெளிக்கப்பட வேண்டும். பம்ப் டீசலை உயர் அழுத்தத்தில் தள்ள, இன்ஜெக்டர் அதனைப் புகைபோல் தெளிக்கிறது.

இந்தப் பம்பினுள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு மாத்திரமே. மனிதத் தலைமயிரின் தடிப்பு இதனைவிடப் பல மடங்கு பெரியது. எனவே கண்ணுக்குத் தெரியாத தூசியும் இங்கே அரமாக மாறிவிடுகிறது. நம் நாட்டில் நெடுங்காலமாகப் பாவனையிலுள்ள மெசி பெர்கியூசன் 135, 240 போன்ற உழவு இயந்திரங்களில் காணப்படும் சுழல் வகைப் பம்புகளுக்கு வேறு மசகு ஒயில் கிடையாது. அவற்றுக்கு ஊடே செல்லும் டீசலே அவற்றின் மசகாகவும் அமைகிறது. டீசலின் இடத்தில் நீர் சென்றால், எரிபொருள் கிடைக்காமற் போவதுடன் மசகும் கிடைக்காமற் போகிறது. உலோகம் உலோகத்துடன் உராய்கிறது. இயந்திரம் ஓரிரு நாட்கள் நிற்குமாயின் துருவும் பிடிக்கிறது. இன்ஜெக்டரின் சூடான நுனியை அடையும் நீர் திடீரென ஆவியாகி நுனியையே சிதைத்துவிடவும் கூடும்.

இதிலிருந்து பெறப்படும் முதலாவது விதி எளிமையானது. டீசலில் நீர் கலந்துள்ளதென்று ஐயம் எழுந்தால் எஞ்சினை இயக்கிப் பார்க்கக் கூடாது. "ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்" என்ற அவசரமே தாங்கியின் அடியில் கிடக்கும் நீரைப் பம்பு வரை கொண்டு செல்கிறது. தாங்கியில் நிற்கும் வரை அது சில மணி நேர வேலையுடன் தீரக்கூடிய பிரச்சினை. பம்பினுள் நுழைந்த பின்னர் அது பெருஞ்செலவு.

அசுத்தம் வரும் வழிகள்

டீசலில் சேரும் அசுத்தங்களை நீர், தூசியும் துருவும், நுண்ணுயிர்கள், வேறு எரிபொருள்கள் என நான்காக வகுக்கலாம்.

நீர் பல வழிகளில் வருகிறது. மழையில் நிற்கும் இயந்திரத்தின் தாங்கி மூடியில் இறப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அதனூடாக நீர் கசியும். மூடி தொலைந்த இடத்தில் துணியைச் சுற்றி வைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அத்துணி மழைநீரை உறிஞ்சித் தாங்கிக்குள்ளேயே வடிக்கிறது. முன்னர் தண்ணீர் அள்ளப் பயன்பட்ட கேன்களில் டீசல் கொண்டு வருவதும் ஒரு காரணம். அரைத் தாங்கி டீசலுடன் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், வெற்றிடத்திலுள்ள ஈரக்காற்று இரவின் குளிரில் உட்சுவரில் பனித்து வடியும். ஓரிரவில் இவ்வாறு சேரும் நீர் மிகச் சிறிதே. ஆயினும், மழையும் ஈரப்பதனும் மிகுந்த கண்டி போன்ற பிரதேசத்தில் ஒரு போகத்திற்கும் அடுத்த போகத்திற்கும் இடையே அது பொருட்படுத்தத்தக்க அளவை எட்டலாம். இவை யாவற்றினும் பெரிய ஆபத்து வெள்ளமாகும். இயந்திரம் மூழ்கினால் மூடியின் காற்றுத் துவாரம் வழியாகவே நீர் உட்புகும். எரிபொருள் நிரப்பு நிலையத்தில் வெள்ளம் ஏறினால் நிலத்தடித் தாங்கிகளும் இதே ஆபத்துக்கு உள்ளாகின்றன.

நீர் சேர்ந்த இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. டீசல் மேலேயும் நீர் கீழேயும் நிற்க, இரண்டும் சந்திக்கும் எல்லையில் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் பெருகிக் கரிய அல்லது கபில நிறச் சளி போன்ற படையாகின்றன. டீசலே அவற்றின் உணவு. 1960களில் ஜெட் விமானங்களின் எரிபொருள் தாங்கிகளில் இத்தகைய பூஞ்சணம் வளர்ந்து, வடிகட்டிகளை அடைத்ததோடு தாங்கியின் அலுமினியத்தையும் அரித்தமையால் விமானத் துறையே அக்காலத்தில் பெரும் தலையிடிக்கு உள்ளானது. குளிர் நாடுகளைவிட நமது வெப்பநிலை இவ்வுயிர்களுக்கு மிகவும் ஏற்றது. நீரை அகற்றினால் இவை வாழ முடியாது. ஆதலால் நீரை அகற்றுவதே முதன்மையான மருந்தாகும்.

எவ்வாறு கண்டறிவது?

நீர் கலந்த டீசலில் இயங்கும் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்குச் சிரமப்படும். ஒரே சீராக ஓடாது தடுமாறும். வெண்புகை எழலாம். கலப்பை மண்ணில் இறங்கியவுடன் வலுவிழந்து நிற்கும். ஆனால் இவ்வறிகுறிகள் வேறு கோளாறுகளாலும் தோன்றக் கூடியவை. எனவே கண்ணால் கண்டு உறுதிசெய்வதே முறையாகும்.

இதற்குப் பரிசோதனைக்கூடம் வேண்டியதில்லை. இயந்திரத்தைச் சமதரையில் சில மணி நேரம் அசையாது நிறுத்திவிட்டு, தாங்கியின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து முதலில் வரும் டீசலை நிறமற்ற சுத்தமான கண்ணாடிப் போத்தலில் பிடிக்க வேண்டும். அரைமணி நேரம் போத்தலை அசைக்காது வைத்தால் நீர் அடியில் தெளிவான படையாகப் பிரிந்து நிற்கும். ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடையது. ஒரு லீற்றர் டீசலோ 820 முதல் 860 கிராம் வரையானது. ஆதலால் நீர் எப்போதும் கீழேயே தங்கும். ஐயம் நீங்காவிடின், கேக் தயாரிக்கப் பயன்படும் நீரில் கரையும் உணவு வர்ணத்தில் ஓரிரு துளிகளைப் போத்தலில் விடலாம். அது டீசலில் கரையாது கீழே இறங்கி, அடியில் நீர் இருந்தால் அதனை மாத்திரம் நிறமேற்றும்.

டீசல் பிரியாது மங்கலாகவே நின்றால் நீர் நுண்துளிகளாகக் கலந்துள்ளது எனக் கொள்ளலாம். படைகளின் எல்லையில் கரிய சளி காணப்பட்டால் அது நுண்ணுயிர். அடியில் செந்நிறத் துகள்கள் இருந்தால் அது தாங்கியின் அல்லது கேனின் துரு. மண்ணெண்ணெயோ பெற்றோலோ கலந்திருப்பின் அவை டீசலுடன் முற்றாகக் கலந்துவிடுவதால் இச்சோதனை பயன்தராது. பெற்றோலாயின் மணம் காட்டிக்கொடுக்கும். மண்ணெண்ணெயை அடர்த்தி அளக்கும் கருவியாலும் ஆய்வுகூடப் பரிசோதனையாலுமே உறுதிப்படுத்தலாம்.

செய்ய வேண்டியவை

நீர் கண்டறியப்பட்டால் தாங்கியிலுள்ள டீசல் முழுவதையும் வடித்தெடுக்க வேண்டும். மேலே நிற்கும் டீசல் நன்றாகத்தானே இருக்கிறது என எண்ணி அதனை விட்டுவைத்தல் ஆகாது. வடித்த பின்னர் சிறிதளவு சுத்தமான டீசலை ஊற்றி அலசி அதனையும் வெளியேற்ற வேண்டும். தாங்கியினுள் சளி படிந்திருந்தால் தாங்கியைக் கழற்றிக் கழுவி நன்கு உலர்த்திய பின்னரே பொருத்த வேண்டும். நூல் உதிரும் துணியால் உட்புறத்தைத் துடைத்தால் அந்நூல்களே அடுத்த அடைப்புக்குக் காரணமாகும்.

அடுத்து, வடிகட்டியின் அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, கடதாசி வடிகட்டியைப் புதிதாக மாற்ற வேண்டும். பழைய வடிகட்டியைப் பெற்றோலில் கழுவி மீண்டும் பூட்டுவது சிக்கனமாகத் தோன்றலாம். ஆனால் நீரில் ஊறிய கடதாசி தன் வலுவை இழந்திருக்கும். அதன் விலையையும் பம்பைப் பழுதுபார்க்கும் செலவையும் ஒப்பிட்டால் இச்சிக்கனம் பொருந்தாது என்பது விளங்கும்.

பின்னர் புதிய டீசலை நிரப்பிக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். 'எயார் எடுத்தல்' என நமது சாரதிகள் கூறும் இவ்வேலையை வடிகட்டியில் தொடங்கி, பம்பில் தொடர்ந்து, இன்ஜெக்டர் குழாய்களில் முடிப்பதே ஒழுங்கு. குமிழிகள் நின்று டீசல் சீராக வரும் வரை கைப்பம்பை இயக்கி, அதன் பின்னரே ஒவ்வொரு திருகையும் இறுக்க வேண்டும். இதன்போது ஓர் எச்சரிக்கை அவசியம். இன்ஜெக்டரிலிருந்து உயர் அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு அடையாளமே தெரிந்தாலும் உள்ளே திசுக்கள் அழியத் தொடங்கும். உடனடியாகச் சத்திரசிகிச்சை செய்யாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். எனவே கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதைத் தவிர்த்து ஒரு மட்டையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். காயம் பட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னரும் எஞ்சின் சீராக ஓடாவிடின் நீர் பம்பினுள் சென்றுவிட்டது எனக் கருதலாம். அதனை வயல் வரம்பில் வைத்துக் கழற்றுவது மேலும் தூசி சேர்வதற்கே வழிவகுக்கும். டீசல் பம்ப் பழுதுபார்க்கும் கராஜில் ஒப்படைப்பதே தகும்.

வெள்ளத்தில் மூழ்கிய இயந்திரத்திற்கு இவை மாத்திரம் போதா. காற்று வடிகட்டி வழியாக உருளைகளுக்குள் நீர் புகுந்திருக்கலாம். காற்றைப் போல் நீர் அமுங்காது. அந்நிலையில் ஸ்டார்ட் செய்தால் உருளையின் உள்ளே இயங்கும் தண்டுகள் வளைந்து எஞ்சினே பாழாகும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எஞ்சின் ஒயில், கியர் பெட்டி ஒயில் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். பால் கலந்த தேநீர் போன்று ஒயில் நிறம் மாறியிருந்தால் நீர் கலந்தமைக்கு அதுவே சான்று.

வடித்தெடுத்த அசுத்த டீசலை வாய்க்காலிலோ வயலிலோ ஓடையிலோ ஊற்றுவது பெருந்தவறாகும். கண்டி நகரின் குடிநீருக்கு மகாவலி கங்கையே முக்கிய ஆதாரம் என்பதை நாம் மறக்கலாகாது. அதனை மூடிய கொள்கலனில் சேமித்து, பழைய ஒயில் சேகரிக்கும் கராஜ்களிடம் ஒப்படைப்பதே பொறுப்பான செயல். பெற்றோல் கலந்திருக்கலாம் என்ற ஐயமுள்ள டீசலை அடுப்பு மூட்டவோ விளக்கெரிக்கவோ பயன்படுத்துவது உயிராபத்தானது.

சேமிப்பில் கவனம்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது நாட்கணக்கில் வரிசையில் நின்று பெற்ற டீசலைக் கேன்களிலும் பரல்களிலும் சேமித்து வைக்கும் நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர். அப்பழக்கம் பலரிடம் இன்றும் தொடர்கிறது. அது தீப்பற்றும் அபாயமுள்ள பழக்கம் என்பது ஒருபுறமிருக்க, எரிபொருளைக் கெடுக்கும் பழக்கமாகவும் உள்ளது. தவிர்க்க முடியாத வேளையில், எரிபொருளுக்கென்றே தயாரிக்கப்பட்ட, இறுக மூடும் கொள்கலனையே பயன்படுத்த வேண்டும். நாகம் பூசிய வாளிகளும் பரல்களும் பொருத்தமற்றவை. நாகம் டீசலுடன் தாக்கமுற்று உருவாகும் பொருட்கள் வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். மழை படாத நிழலான இடத்தில், வீட்டு அடுப்புக்கு அப்பால் வைக்க வேண்டும். ஊற்றும்போது அடியிலுள்ள கடைசிப் பகுதியை ஊற்றாது விட்டுவிடுவது நலம்.

போகம் முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போது தாங்கியை நிரப்பி வைத்தால் ஈரக்காற்றுக்கு இடமிராது. மீண்டும் இயக்குமுன் வடிகாலைத் திறந்து ஒரு கோப்பை டீசலை வெளியேற்றிப் பார்க்க வேண்டும். வேலைக் காலத்தில் வாரம் ஒருமுறை வடிகட்டிக் கிண்ணத்தை நோக்குவதும் போதிய காவலாகும்.

கலப்படம் எனும் குற்றம்

இதுவரை கூறியவை இயற்கையாலும் கவனக்குறைவாலும் நேர்பவை. மனிதர் வேண்டுமென்றே செய்யும் கலப்படம் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் வேர் விலை வேறுபாட்டில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் டீசலின் விலை 460 ரூபாவாக உயர்ந்திருந்தபோது, மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவாகவே இருந்தது. வேறுபாடு 373 ரூபா. ஆயிரம் லீற்றரில் நூறு லீற்றர் மண்ணெண்ணெய் கலந்தால் 37,300 ரூபா முறையற்ற இலாபமாகக் கைக்கு வரும் என்பது எவரும் போடக்கூடிய கணக்கு. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதுடன் இவ்விடைவெளி பெருமளவு சுருங்கியது. ஆனால் அந்த விலையேற்றத்தின் சுமையை மண்ணெண்ணெய் விளக்கையும் அடுப்பையும் நம்பியிருந்த தோட்டப்புற மக்களும், படகோட்டும் மீனவர்களும் தாங்க வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கான மானியம் கலப்படக்காரர்களின் கைக்குச் செல்லாது தடுப்பதற்கு உறுதியான கண்காணிப்பே வழி. அது இல்லாதவிடத்து இரு பக்கமும் இழப்பவர் எளியவரே.

அயல்நாடான இந்தியாவில் இக்குற்றம் உயிர்களையும் பலிகொண்டுள்ளது. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்பனைக்கு எதிராக நடவடிக்கை எடுத்த இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இளம் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே கலப்படக் கும்பலைக் கையும் மெய்யுமாகப் பிடிக்க முயன்ற மேலதிக மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனாவனே எரித்துக் கொல்லப்பட்டார். சில ரூபா இலாபத்திற்கான சிறு தவறு எனக் கலப்படத்தைக் கருதுவோர் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமது சமூகங்களின் அறநெறிகள் இவ்விடயத்தில் ஐயத்திற்கிடமின்றிப் பேசுகின்றன. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என அவ்வணிகரைக் கண்டித்த சம்பவத்தை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே வணிகருக்கு அழகு என வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வலியுறுத்துகிறார். குறையை மறைத்து விற்கப்படும் பொருள் தானியமாயினும் டீசலாயினும் குற்றம் ஒன்றே.

முறைப்பாடு செய்வது எவ்வாறு?

பாதிக்கப்பட்ட விவசாயி பெரும்பாலும் கோபத்துடன் எரிபொருள் நிரப்பு நிலையத்திற்குச் சென்று வாய்த்தர்க்கம் செய்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புகிறார். அவரிடம் சான்று இல்லாமையே இதற்குக் காரணம். எனவே டீசல் வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெற்று வைத்திருக்க வேண்டும். கோளாறு தெரிந்தவுடன், தாங்கியை வடிக்குமுன், இரண்டு சுத்தமான கண்ணாடிப் போத்தல்களில் மாதிரி எடுத்து மூடி, திகதி, நேரம், டீசல் வாங்கிய இடம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, சாட்சி ஒருவரின் கையொப்பத்தையும் பெற வேண்டும். புகைப்படம் எடுத்து வைப்பதும் உதவும். அதே நாளில் அதே இடத்தில் டீசல் நிரப்பிய வேறு வாகனங்களுக்கும் இக்கதி நேர்ந்துள்ளதா என விசாரிப்பது முக்கியம். பலருக்கு நேர்ந்திருந்தால் குறை நிலையத்தின் தாங்கியில் உள்ளதென்பது வலுப்பெறும். ஒருவருக்கு மாத்திரம் நேர்ந்திருந்தால் தமது கேனையும் தாங்கி மூடியையும் முதலில் சோதிப்பதே நியாயம். ஆதாரமின்றி ஒரு வர்த்தகரைக் கலப்படக்காரர் என்று பழிப்பதும் அநீதியே.

பின்னர் நிலைய உரிமையாளரிடமும், அந்நிலையத்திற்கு எரிபொருள் வழங்கும் நிறுவனத்திடமும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துடன் லங்கா ஐ.ஓ.சி., சினோபெக் போன்ற நிறுவனங்களும் இன்று விநியோகத்தில் ஈடுபட்டுள்ளமையால் எவருடைய நிலையம் என்பதைக் குறித்துக்கொள்வது அவசியம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடமும் முறைப்பாடு செய்யலாம். அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 1977. பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிடுவது இன்றியமையாதது. முறையிட்டுப் பயனில்லை என்ற விரக்தி தேவையற்றது. 2011ஆம் ஆண்டில் தரக்குறைவான பெற்றோலினால் பல வாகனங்களின் எரிபொருள் பம்புகள் பழுதடைந்தபோது, வாகன உரிமையாளர்கள் திரளாக முறையிட்டமையாலேயே நட்டஈடு வழங்க அரசாங்கம் முன்வர நேர்ந்தது.

உரியோரின் கடமை

விவசாயி செய்ய வேண்டியவற்றை மாத்திரம் கூறிவிட்டு அமைவது நீதியாகாது. வெள்ளம் ஏறிய எந்த எரிபொருள் நிரப்பு நிலையமும் அதன் நிலத்தடித் தாங்கிகள் பரிசோதிக்கப்பட்டுச் சான்றளிக்கப்பட்ட பின்னரே மீளத் திறக்கப்படல் வேண்டும். அச்சான்று மக்கள் காணும் இடத்தில் வைக்கப்படல் வேண்டும். தாங்கியின் அடியிலுள்ள நீரைக் காட்டும் பசையைக் கோலில் பூசி அளக்கும் முறை உலகெங்கும் நடைமுறையிலுள்ள எளிய சோதனையாகும். அதனை வாடிக்கையாளர் முன்னிலையில் செய்து காட்ட எந்த நேர்மையான நிலையமும் தயங்க வேண்டியதில்லை.

கமநல சேவை நிலையங்கள் தோறும் அடர்த்தி அளக்கும் கருவி ஒன்றும் மாதிரிப் போத்தல்களும் இருக்குமாயின், விவசாயி தன் ஐயத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். இதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும், பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் அமைந்துள்ள நிலையில், இம்மாவட்டமே நாட்டுக்கு முன்மாதிரியாக இதனைத் தொடங்கலாம். போகம் ஆரம்பிக்குமுன் உழவு இயந்திரச் சாரதிகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்துவதும் இயலாத காரியமன்று.

மற்றுமொரு விடயத்தையும் நாம் வலியுறுத்த விரும்புகிறோம். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டது. தெல்தோட்டையின் தோட்டத் தொழிலாளியும் அக்குறணையின் சிறு போக்குவரத்து உரிமையாளரும் தமக்குத் தெரிந்த மொழியில் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து, அதே மொழியில் பதிலைப் பெறும் வாய்ப்பு நடைமுறையில் உறுதிப்படுத்தப்பட வேண்டும். எழுத முடியாத முறைப்பாடு நிகழாத குற்றமாகவே ஏடுகளில் பதிவாகிவிடுகிறது.

வெள்ளத்தால் நிலத்தையும் வீட்டையும் இழந்தோருக்கு நிவாரணம் வழங்குவது பற்றிப் பேசப்படும் இவ்வேளையில், எஞ்சியிருக்கும் இயந்திரங்களைக் காப்பதும் நிவாரணத்தின் ஒரு பகுதியே. விவசாயிகளும் சாரதிகளும் ஐயம் எழுந்த கணமே எஞ்சினை நிறுத்தி, அடியிலுள்ள நீரை வடித்து, சான்றைப் பேணும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். எரிபொருளை விற்போரும் அதனைக் கண்காணிப்போரும் தம் கடமையில் தவறலாகாது. அடுத்த போகத்தின் உழவு தொடங்குமுன் இதற்கான ஏற்பாடுகளை உரிய அதிகாரிகள் ஆரம்பிப்பார்களென எதிர்பார்க்கின்றோம்.